பதினெட்டாயிரத்துக்கு விற்ற பாட்டு

சிகப்பி மேடையேறுமுன் செருப்பைக் கழற்றிவிடுவாள்.
பக்தி என்று எழுதினான் ஒரு நிருபர்.
பெடலைக் கால்விரலால் தேட வேண்டும், அவ்வளவுதான்.
இடது கட்டைவிரலுக்கு டிஸ்டார்ஷன்.

இருபத்தொரு வருஷமாக
அவளுக்கு நாலடி பின்னால் நிற்கிறவன் நான்.
பேஸ் கிட்டார். ஆரோக்கியம், தேவகோட்டை.
போஸ்டரில் என்னைத் தேடாதீர்கள்.

முதல் ஒத்திகை புதுவயலில்,
பூட்டிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றில்.
த்ரீ ஃபேஸ் கரண்ட் இருந்தது,
வேறு காரணமில்லை.
ஆம்ப்புக்குப் பதில் வாடகை மைக் செட்.
வோல்டேஜ் இறங்கினால் அது இருமும்.
அந்த இருமலைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.
பிற்பாடு எண்பதாயிரத்துக்கு வாங்கிய ஆம்ப்பிலும்
அதையே தேடித் திருகிக்கொண்டிருந்தாள்.
கோர்டுக்குக் கோர்டு தவிடு பறக்கும்.
மீராசா தும்மிக்கொண்டே ஸ்டிக்கைத் தட்டுவான்.
முதல் பதிவில் ஒரு தும்மல் அப்படியே இருக்கிறது.
வெட்டிடலாமா என்றான் சென்னை எஞ்சினியர்.
"தாளத்துலதானே தும்மியிருக்கான், இருக்கட்டும்."

"ரெண்டே ரிங்கு" பாட்டை எழுதியது
காரைக்குடி ஸ்டேஷனில்,
சேது எக்ஸ்பிரஸ் வராத நாற்பது நிமிஷத்தில்,
பல் டாக்டர் சீட்டின் பின்பக்கம்.
நாலு கோர்டு. மூன்றாவது தப்பு.
தப்பென்று நான் சொன்னேன்,
மீராசா சொன்னான்,
அவளுக்கும் தெரியும்.
அந்தத் தப்பைத்தான் அந்த வருஷம்
தமிழ்நாடே காலர் டியூனாக வைத்துக்கொண்டது.

அப்போது கிட்டார் அடகில் இருந்தது.
மீட்க வேண்டும், வாடகை பாக்கி வேறு.
ஒரு கம்பெனி, மூன்று பக்கம், ஒரு கையெழுத்து,
பதினெட்டாயிரம் ரூபாய்.
அப்பச்சி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.
அவர் பிழைப்பே வட்டிக்கடை.
கண்ணாடியைக் கழற்றி,
திரும்ப மாட்டி,
"அசலையே குடுத்துட்டு வந்திருக்கியே ஆத்தா" என்றார்.
பிறகு சாப்பிடப் போனார்.

அதன்பின் ஆறு ஆல்பம்.
கோலாலம்பூர், தோஹா, கோவைக் கல்லூரிகள்.
தொண்டையில் முடிச்சு, ஆபரேஷன்,
மூன்று மாதம் சிலேட்டில் எழுதிப் பேசினாள்.
திரும்பி வந்த குரல் அரை ஸ்வரம் கீழே.
எல்லாக் கிட்டாரையும் அதற்கு இறக்கிக் கட்டினோம்.
எந்த ஊரில் எந்தப் பாட்டைப் பாடினாலும்
நடுவில் ஒருவன் கத்துவான்:
அக்கா, ரெண்டே ரிங்கு!

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வரவேற்பு.
முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுவர்.
பளபளப்பு யாருக்கு வேண்டும்,
ஸ்னேரை ஒரு தட்டு தட்டினால் மூன்றாகத் திரும்பி வந்தது.
சம்பந்தி வீட்டு மெத்தை பதினாறை வாங்கித்
தூணுக்குத் தூண் சாத்திவைத்தோம்.
மெத்தைகளுக்கு நடுவே,
வெறுங்காலோடு,
அவள் அந்தப் பாட்டைப் பாடினாள்.
மாப்பிள்ளையின் தம்பி போனில் நேரலை விட்டான்.
இரண்டாவது நிமிஷம் சத்தம் நின்றது.
வீடியோ ஓடுகிறது, பாட்டு இல்லை.
உரிமையாளர் அனுமதி பெறவில்லையாம்.
பையன் பயந்துபோய் அவளிடமே காட்டினான்.
அவள் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு
"லிங்க் அனுப்புப்பா" என்றாள்.

திருமயம் தாண்டும்போது மணி ஒன்று.
வேனில் எல்லோரும் தூக்கம்.
அவள் போனில் அவளே வாயசைக்கிறாள்.
திறந்த வாய், நரம்பு புடைத்த கழுத்து, விரல்கள்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
அவள் திரையைப் பெரிதாக்கினாள்,
தன் தோளைத் தாண்டி,
மெத்தை ஓரம் நின்ற என் கை வரை.

"ஆரோக்கியம்,
மூணாவது கோர்டுல லேட்டா வர்ற.
எப்பவுமே இப்படித்தானா?"

எப்போதும்தான்.
அந்தத் தப்புக்கு முன்னால்
இருபத்தொரு வருஷமாக ஒரு நொடி தயங்கியிருக்கிறேன்.
இத்தனை ஸ்பீக்கரில் கேட்காதது
சத்தமே இல்லாதபோது கேட்டிருக்கிறது அவளுக்கு.

சரி பண்ணிக்கவா என்றேன்.
பதில் இல்லை.
ஜன்னல் கண்ணாடியில் நகத்தால்
புதிதாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்,
ஐந்து எண்ணிக்கை,
ஐந்தாவதில் ஒரு நொடி பிந்தி.